கார்ஃப் கோட்டைச் சுவர்கள் ஏன் இப்படிச் சாய்ந்து நிற்கின்றன?

வழிப்போக்கன்:
போன ஞாயிறு இங்கிலாந்தில் டார்செட் பக்கம் கார்ஃப் கோட்டைக்குப் போயிருந்தோம். குன்றின் உச்சியில் உடைந்த சுவர்கள், கீழே ஒரு வாசல் கோபுரம் பாதி அப்படியே சரிவில் இறங்கியிருக்கிறது, ஆனால் கல்கட்டு குலையவே இல்லை. மகள் பூகம்பமா என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. பழசானதால் விழுந்ததா? அப்புறம், அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிப்போக ஆசை, அவங்களுக்கு முழங்கால் வலி, ஏற முடியுமா?

சுண்ணக்கல்:
தானாக விழவில்லைங்க, வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். முதலாம் சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் நடந்தபோது கோட்டை பேங்க்ஸ் குடும்பத்திடம் இருந்தது, அவர்கள் மன்னர் பக்கம். 1643இல் முற்றுகை வந்தபோது கணவர் அங்கே இல்லை, மேரி பேங்க்ஸ் சீமாட்டிதான் சின்னப் படையை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். 1646இல் உள்ளே இருந்த அதிகாரி ஒருவரே எதிரியின் ஆட்களை உதவிப்படை என்று சொல்லி உள்ளே கொண்டுவந்துவிட்டார். ஆக, சுவர் தோற்கவில்லை, மனுஷன் காட்டிக்கொடுத்தான். இனி யாரும் இதற்குள் பதுங்கக் கூடாது என்று நாடாளுமன்றம் இடிக்கச் சொன்னது. அடித்தளத்தைத் தோண்டி வெடித்தார்கள். அந்த வாசல் கோபுரம் அப்போதுதான் இரண்டாகப் பிளந்தது. உச்சியில் 21 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே, முதலாம் ஹென்றி மன்னர் காலத்துப் பெருங்கோபுரம், அதை அவர்களால் முழுதாகச் சாய்க்க முடியவில்லை. மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு:
மீதிக் கல் எங்கே என்று தேடினால் ஊருக்குள் நடங்கள். கோட்டைக் கல்லை எடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். கோட்டையின் சாவிகள் அதே பேங்க்ஸ் குடும்பம் பிறகு கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் இருக்கின்றன, அதையும் பார்த்துவிடுங்கள்.

வழிப்போக்கன்:
ரொம்ப நன்றி. திரும்பக் கட்டினால் என்ன என்று மகள் கேட்கிறாள்.

சுண்ணக்கல்:
வேண்டாம். கட்டினால் அந்தச் சரிந்த கோபுரம் போய்விடும், நடந்ததற்குச் சாட்சியே அதுதான்.

மேட்டுத்தெரு:
அம்மா விஷயம்: பாதை செங்குத்து, தரையும் சமமில்லை, உச்சிக்கு ஏற்ற வேண்டாம். பக்கத்துக் கடலோர ஊரான ஸ்வானேஜில் நீராவி ரயில் ஏறி கார்ஃப் ஸ்டேஷனில் இறங்குங்கள், கோட்டை அங்கிருந்தே தெரியும்.