பெயர் மாற்றம், நம்பர் பிளேட்: கொழும்பில் வாகனம் வாங்குவோர், விற்போர் கவனத்துக்கு

வெள்ளவத்தை உறுப்பினர்:
காசு கொடுக்க முதல் சீ.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) மூலப்பிரதியைக் கையில் வாங்கி, செசி நம்பரையும் (வாகனச் சட்டகத்தின் இலக்கம்) எஞ்சின் நம்பரையும் வாகனத்தில் அடித்திருப்பதோடு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கிறீஸ் படிந்திருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். கம்பி பிரஷ் போடவே வேண்டாம். இலக்கம் கீறுப்பட்டால் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும். எஞ்சின் மாற்றிய வாகனம் என்றால், புது நம்பர் சீ.ஆர். இல் ஏறியிருக்க வேண்டும்.

லீசிங்கில் எடுத்த வாகனமா? கடைசித் தவணை கட்டிய ரசீது மட்டும் போதாது. சீ.ஆர். இல் முழு உரித்தாளராகப் பதிந்துள்ள லீசிங் கொம்பனியின் பெயர் நீங்கவேண்டும். அதற்கு அவர்களின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். பிறகு பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்கள், இருவரது அடையாள அட்டைப் பிரதிகள், வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றோடு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். காருக்கு இப்போது டின் நம்பரும் (வரி அடையாள இலக்கம்) கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்:
மேலே சொன்னதோடு ஒன்று: தயவுசெய்து ஓப்பன் பேப்பரில் விற்காதீர்கள், வாங்காதீர்கள். வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்த படிவம் மூன்று கை மாறும். ஆனால் திணைக்களப் பதிவில் முதலாமவரே உரிமையாளர். விபத்தோ, குற்றமோ நடந்தால் பொலிஸ் தேடி வருவது அவரைத்தான். வாங்கியவருக்கும் ஆபத்து குறைவில்லை. கையெழுத்து வைத்தவர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ பெயர் மாற்றம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் படிவங்களைக் கையளித்து, ரசீதின் படத்தை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெஹிவளை உறுப்பினர்:
பிளேட் பற்றி. முன்பு மேல் மாகாண வாகனத்தை யாழ்ப்பாணத்தில் உள்ளவர் வாங்கினால் மாகாண எழுத்துக்காகவே (WP, NP போன்றவை) பிளேட் மாற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரியோடு அந்த மாகாண எழுத்து நீக்கப்பட்டது. பெயர் மாறினாலும் அதற்காகப் பிளேட் மாற்றத் தேவையில்லை.

பிளேட் தொலைந்தால் உடனே பொலிஸ் முறைப்பாடு. உங்கள் நம்பரை வேறொருவர் பூட்டிக்கொண்டு ஓடினால் அந்த முறைப்பாட்டுப் பிரதிதான் உங்களைக் காப்பாற்றும். திணைக்களத்தில் மாற்றுப் பிளேட்டுக்கு விண்ணப்பிக்கவும் அது வேண்டும். தெருவோர ஸ்டிக்கர் கடையில் அடித்த பிளேட்டில் பாதுகாப்பு அடையாளங்கள் இருக்காது, நம்பிப் போட வேண்டாம்.

பூட்டும்போது எழுத்தின் மேல் துளை போடாதீர்கள். பைக்கில் முன் பிளேட் பெரும்பாலும் ஆணி இறுக்கிய இடத்திலேதான் வெடிக்கும், காரணம் அதிர்வு. பின்னால் ஒரு தகட்டுத் துண்டும், இரு பக்கமும் ரப்பர் வொஷரும் வைத்து அளவாக இறுக்குங்கள். காருக்கு இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் மட்டும் போதாது. மழை வெள்ளத்தில் ஓடும்போது தண்ணீர் பம்பருக்கும் பிளேட்டுக்கும் நடுவே புகுந்து பிய்த்துக்கொண்டு போகும். துருப்பிடிக்காத ஆணி குறைந்தது இரண்டு கட்டாயம்.