சென்னை மவுண்ட் ரோடு பிழைக்கணும்னா கடைவாசல் பார்க்கிங்கை எடுக்கணுமா?

சிந்தாதிரிவாசி:
சிம்சனிலிருந்து ஜெமினி மேம்பாலம் வரைக்கும் மட்டும் பேசுறேன். சஃபையர், ஆனந்த், சாந்தி தியேட்டர் எல்லாம் போச்சு. ஸ்பென்சர் பிளாசா உள்ளே போனா ஷட்டர் இறங்கின கடைகள்தான் கண்ணில் படுது. ஆனா 2019 பிப்ரவரியிலிருந்து அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்குன்னு வரிசையா மெட்ரோ நிலையம் இருக்கு. ரயிலைவிட்டு மேலே ஏறி வர்றவங்க நிம்மதியா நடக்கத்தான் வழி இல்லை. கடைவாசல் பார்க்கிங்கை எடுத்துட்டு, 2019 நவம்பரில் தி.நகர் பாண்டி பஜாரில் திறந்த மாதிரி அகலமான நடைபாதை போடணும்.

கடைக்காரன்:
மெட்ரோ தோண்டினப்போ வருஷக்கணக்கில் ஒருவழிப்பாதை, வாசலை மறைச்சுத் தகரத் தடுப்பு. அப்போ போன வாடிக்கையாளர் பல பேர் திரும்பவே இல்லை. இப்போ நடைபாதைக்குன்னு மறுபடி தோண்டணுமா? நான் விக்கிறது கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ் மேசை. மெட்ரோவிலா தூக்கிட்டுப் போவாங்க?

சிந்தாதிரிவாசி:
மேசையை எப்படியும் குட்டியானையில் ஏத்தித்தானே அனுப்புறீங்க? சரக்கு ஏத்த இறக்க இடம் விடணும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனா உங்க வாசலில் நிக்கிற வண்டி யாரோடது, பாருங்க. காலையில் பூட்டிட்டு ஆபீஸ் போறவர் பொழுது சாஞ்சுதான் எடுக்கிறார். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற ரிச்சி தெருவில் கார் நுழையவே திணறும், ஆனா கூட்டம் குறையுதா?

கடைக்காரன்:
ஆபீஸ் வண்டி விஷயம் சரிதான், வயித்தெரிச்சல். அதுக்கு ஒரு மணி நேரம் தாண்டினா கட்டணத்தை ஏத்துங்க. ரிச்சி தெருவுக்கு ஜனம் வர்றது பொருளுக்காக. ஒரு சர்க்யூட்டுக்கு வேண்டிய அத்தனையும் பத்து கடைக்குள்ளே கிடைக்கும். பாண்டி பஜாருக்கு ரங்கநாதன் தெருக் கூட்டம் பக்கத்திலேயே இருக்கு. நடைபாதையா அந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்துச்சு?
இன்னொண்ணு. ரோடு பளபளன்னு ஆனா கட்டடக்காரர் வாடகையை ஏத்துவார். நான் காலி பண்ணிட்டுப் போவேன், அங்கே ஒரு செல்போன் ஷோரூம் வரும். நீங்க சொல்ற புத்துயிர் யாருக்கு?

பிளாட்பாரம்:
நியாயமான கேள்வி. நடைபாதையில் கடை போடுற எங்களுக்கும் அதே கேள்விதான். பாண்டி பஜாரில் முதலில் நடைபாதை வியாபாரிகளை 2013இல் கட்டடத்துக்குள்ளே அனுப்பினாங்க, அழகு வேலை பிறகுதான் வந்தது. ரோட்டில் போறவர் கண்ணில் பட்டு வாங்குற சீப்பையும் கர்ச்சீப்பையும் மாடியேறி வந்து யார் வாங்குவாங்க? 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுத்து இடம் குறிக்கணும். அகல நடைபாதை வரைபடத்திலேயே எங்க இடமும் இருக்கட்டும்.

சிந்தாதிரிவாசி:
பிளாட்பாரம் சொல்றதை அப்படியே ஏத்துக்கிறேன். வாடகை பயத்துக்காக ரோட்டை இப்படியே விட முடியாது அண்ணே. இப்போ பணம் எங்கே போகுது? தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை 3.2 கி.மீ. உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி. இதே ரோட்டில், வண்டி நிக்காமக் கடந்து போறதுக்கு. நின்னு கடைக்குள்ளே வர்றவருக்கு அதில் என்ன இருக்கு?

கடைக்காரன்:
பாலத்தில் எனக்கும் லாபம் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா வாடகையை ‘பயம்’னு தள்ளாதீங்க. வேலை நடக்கிற காலத்துக்கும் அப்புறம் சில வருஷத்துக்கும் வாடகை ஏத்த மாட்டோம்னு கட்டடக்காரர்கள் எழுதிக் கொடுக்கட்டும். ஐப்பசி வியாபாரம் முடியறவரைக்கும் கடப்பாரை எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் என் ஓட்டு பார்க்கிங்குக்குத்தான்.