கிளையன்ட் பேக்கப் வேண்டாம்னா என்ன பண்றது?

கேள்வி:
12 கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ், மாதாந்திரப் பராமரிப்பு நம்மளோடது. பேக்கப்புக்குத் தனியா காசு கேட்டா, "அதான் ஹார்ட் டிஸ்க்ல காப்பி இருக்கே" என்கிறார் முதலாளி. அந்த டிஸ்க் சர்வர் தலைமேலேயே, எந்நேரமும் கேபிளோட. விட்டுடலாமா?

பதில்:
விடாதீங்க. ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிட்டுக் காசு கேட்கிற வைரஸ்) வந்தா செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிடும். 3-2-1 கணக்கு: 3 பிரதி, 2 வகை சேமிப்பு மீடியா, 1 வெளியிடத்துல. மறுத்தா மெயில்ல எழுதி வாங்குங்க.

பதில்:
பேக்கப்ல இருந்து ஃபைலைத் திரும்ப எடுத்து, அதாவது ரீஸ்டோர் பண்ணியும் பாருங்க. எனக்கு பேக்கப் சரின்னு எட்டு மாசமா பச்சை டிக் காட்டுச்சு; திறந்தா அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரையே நான் சேர்க்கலை. என் தப்புதான்.

கேட்டவர்:
முதலாளி எதிர்லயே பழைய பில் ஒண்ணை எடுக்கப் பார்த்தேன். டிஸ்க் திறக்கவே இல்ல. கொட்டேஷன் கேட்டுட்டார்.