‘டம்னாத்தியோ மெமோரியே’: ‘நினைவொறுப்பு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

உரோமப் பேரரசர்களின் நினைவுச்சின்னங்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இடறும் தொடர்களுள், ‘நினைவைத் தண்டித்தல்’ என்று பொருள்படும் ‘டம்னாத்தியோ மெமோரியே’ என்னும் இலத்தீன் தொடரும் ஒன்று. இதற்கு ஈடாகக் கலைச்சொல் பட்டியலுக்கு ‘பெயர்த்துடைப்பு’, ‘நினைவழிப்பு’ என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இறந்துபட்ட பேரரசனின் பெயரைக் கல்வெட்டிலிருந்து செதுக்கி எடுப்பது, சிலையை உடைப்பது, முகத்தை வேறொருவர் முகமாக்குவது ஆகிய அனைத்தையும் இத்தொடர் ஒருசேரக் குறிக்கிறது. உரோமர்கள் இதனை ஒரு கலைச்சொல்லாக ஆண்டதில்லை. 1689ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் வெளிவந்த ஓர் ஆய்வேடே இதற்கு வழிவகுத்தது. எனவே, இலத்தீனைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் கடப்பாடு நமக்கு இல்லை என்பது என் கருத்து.

அவ்விரண்டில், பெயரைத் துடைத்தல் என்னும் பொருளில் அமைந்த ‘பெயர்த்துடைப்பு’ என்பதை எளிதில் விலக்கிவிடலாம். அதனைப் ‘பெயர்த்து உடைப்பு’ என்று பிரித்துப் படிப்பவர், சிலையைப் பெயர்த்தெடுத்து உடைப்பதாகவே எண்ணிக்கொள்வார். ‘நினைவழிப்பு’ கேட்க நன்றாக இருந்தாலும், ‘நினைவிழப்பு’ என்னும் மருத்துவச் சொல்லோடு மயங்கும். இரண்டு எழுத்துகள் மாறி அச்சானால், தண்டிக்கப்பட்ட பேரரசன் நோயாளியாகிவிடுவான். இதனினும் பெரிய தடை பொருளில் இருக்கிறது. அங்கே நினைவு உண்மையில் அழிக்கப்பட்டதா?

உரோம நகரின் பொதுமன்றத்தில் (ஃபோரம்) 203ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட, பேரரசன் செப்டிமியஸ் செவெரஸின் வளைவைப் பாருங்கள். தந்தையோடு காரகல்லா, கேத்தா என்னும் இரு மகன்களையும் அது போற்றியது. 211ஆம் ஆண்டின் இறுதியில் காரகல்லா தம்பியைக் கொல்வித்த பிறகு, கல்வெட்டின் நான்காம் வரியில் இருந்த கேத்தாவின் பெயரை நீக்கி, அவ்விடத்தில் காரகல்லாவையும் தந்தையையும் புகழும் அடைமொழிகளைப் பொறித்தார்கள். ஆனால் முதலில் பதித்திருந்த வெண்கல எழுத்துகளுக்காகத் துளைத்த குழிகள் அப்படியே நின்றுவிட்டதால், அவற்றைக் கொண்டே பழைய வாசகத்தை ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். எகிப்திலிருந்து கிடைத்து, இப்போது பெர்லினில் உள்ள வட்டமான மரப்பலகை ஓவியம் இன்னும் வெளிப்படையானது. செவெரஸ், மனைவி யூலியா டோம்னா, ஒரு மகன் ஆகியோர் முகத்தோடு இருக்க, கேத்தா எனக் கருதப்படும் மற்றொரு மகனின் முகம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது, உடல் நீக்கப்படவில்லை. காண்பவர் மறந்துவிட வேண்டும் என்பதைவிட, இழிவுபடுத்தப்பட்டவன் யார் என்று அறிய வேண்டும் என்பதே நோக்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, செயலின் விளைவைவிடத் தண்டனை என்னும் கூறே இங்கு முதன்மையானது. 96ஆம் ஆண்டு பேரரசன் டொமிசியன் கொல்லப்பட்ட செய்தி எட்டியதும் செனட் அவையினர் ஏணிகளை வரவழைத்து, அவனுடைய உருவங்களைத் தங்கள் கண்முன்னே கீழே தள்ளச் செய்ததோடு, எங்கும் அவன் கல்வெட்டுகளை அழிக்குமாறு தீர்மானமும் இயற்றினர். தண்டனையாதலால் அதனைத் திரும்பப் பெறவும் முடிந்தது: செனட் பழித்த பேரரசன் கொமோடஸைப் பின்னர் செவெரஸ் தெய்வ நிலைக்கு உயர்த்தியபோது, செதுக்கி நீக்கிய பெயரைச் சில கற்களில் மீண்டும் வெட்டினார்கள். அழிப்பு என்ற சொல்லில் இந்த மீட்சிக்கு இடமில்லை, ஒறுப்பில் உண்டு.

எனவே ‘நினைவொறுப்பு’ என்று முன்மொழிகிறேன். ஒறுத்தல் என்பது தண்டித்தலுக்கு வழங்கும் பழஞ்சொல். ‘நினைவொறுப்புக்கு உள்ளான பேரரசன்’, ‘நினைவொறுப்புத் தீர்மானம்’ எனத் தொடர்களிலும் இடர்ப்பாடின்றி அமைகிறது. கிறித்தவத் தமிழில் ஒறுத்தல் தவக்காலத் தன்னடக்கத்தைக் குறிக்கிறதே என்று சிலர் தயங்கலாம். அங்கே ஒறுப்பவரும் ஒறுக்கப்படுபவரும் ஒருவரே. ‘நினைவு’ என்ற முன்னொட்டு வந்தபின் குழப்பம் நேராது என்றே நினைக்கிறேன்.

இதனோடு இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள கான்செல்லேரியா புடைப்புச் சிற்பங்களுள் ஒன்றில், டொமிசியனின் தலையைக் குடைந்து அடுத்து வந்த நெர்வாவின் முகமாக்கியிருக்கிறார்கள். கல்லைக் கழித்தே வேலை நடந்ததால் தலை உடலுக்குப் பொருந்தாமல் சிறுத்துக் காணப்படுகிறது. இதற்கு ‘மறுசெதுக்கல்’ போதும் என்பது என் எண்ணம். ‘முகமாற்று’ என்றால் கதைகளில் வரும் மாறுவேடம் நினைவுக்கு வந்துவிடும். சிற்பத்துறையில் இதற்கு வழக்குச் சொல் இருக்குமானால், அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கலைச்சொல் பட்டியலில் அதையே முதலில் இடலாம்.