மாந்தோவாவிலிருந்து ஸ்தெல்லாத்தாவுக்குச் சைக்கிளில் எப்படிப் போவது?

வணக்கம் நண்பர்களே. வரும் செப்டம்பரில் நானும் மனைவியும் வட இத்தாலியில் சைக்கிளில் சுற்றப்போகிறோம். லாரி உரசிக்கொண்டு போனாலே அவளுக்குக் கை நடுங்கும். அதனால் வண்டி நடமாட்டம் இல்லாத பாதைதான் வேண்டும்.

முதல் பகுதி முடிவாகிவிட்டது. கார்தா ஏரிக்கரையில் இருக்கும் பெஸ்கியேராவிலிருந்து மின்சியோ ஆற்றை ஒட்டியே மாந்தோவா வரை, சுமார் 45 கிலோமீட்டர். பெரும்பாலும் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை, ஏற்றமும் அதிகமில்லை. வழியில் போர்கெத்தோவில் பழைய தண்ணீர் ஆலைகள் ஆற்றை ஒட்டி நிற்கின்றன. மதியச் சாப்பாடு அங்கேதான், அதில் மாற்றமே இல்லை.

சிக்கல் அதற்கு அப்புறம். ஃபெராரா பக்கம் போ நதியின் வலது கரைமேட்டின்மேல் ஸ்தெல்லாத்தாவிலிருந்து கோரினோ வரை சுமார் 120 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை ஓடுகிறது. அதில் போக ரொம்ப ஆசை. ஆனால் மாந்தோவாவிலிருந்து ஸ்தெல்லாத்தாவரை அமைதியான வழி எது? கரைமேட்டிலேயே போய்விடலாமா, இல்லை ஃபெராராவுக்கு ரயில் ஏறிவிடுவது மேலா? இடையில் பெரிய சாலையில் இறங்கவேண்டிய இடங்கள் எவை?

இன்னொன்று, கரைமேட்டில் நிழல் குறைவு. குடிதண்ணீர் எந்தெந்த ஊர்களில் நிரப்பிக்கொள்ளலாம்? சரளைக்கல் வரும் இடங்களுக்கு 32 மில்லிமீட்டர் டயர் போதுமா?

அந்தப் பக்கம் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.