சிட் பாரெட் வாழ்க்கை வரலாறு: சாப்மனை எவ்வளவு நம்பலாம்?

ஊதாத்தரை கேட்டது:
ராப் சாப்மன் 2010-ல் எழுதிய ‘எ வெரி இர்ரெகுலர் ஹெட்’ பற்றி ஒரு சந்தேகம். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் முதல் பாடகர், 1968-ல் வெளியேறிய சிட் பாரெட்டைச் சுற்றி வளர்ந்த பைத்தியக் கதைகளில் பாதியை மனுஷன் உடைத்துப் போடுகிறார். மாண்ட்ராக்ஸ் என்ற தூக்க மாத்திரையைப் பொடித்து, பிரில்கிரீம் என்ற தலைமுடிக் களிம்பில் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு மேடையேறினார், விளக்குச் சூட்டில் அது முகத்தில் வழிந்தது என்பதும் அதில் அடக்கம். ஆனால் சாப்மனும் ரசிகர்தானே? கட்சி கட்டுகிறாரோ? எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

பழையடேப்:
கட்சி கட்டுகிறார், அதில் சந்தேகம் வேண்டாம். முன்னால் எழுதியவர்களைத் திட்டும் இடங்களை எடுத்துவிட்டால் புத்தகம் நன்றாகவே இளைக்கும். அதற்காக அவர் எழுப்பும் கேள்வி தப்பாகிவிடாது: சொன்னவர் அங்கே இருந்தாரா, எத்தனை வருடம் கழித்துச் சொன்னார்?

மாண்ட்ராக்ஸ் கதையில் நடந்த இடமே ஆளுக்கு ஆள் மாறுகிறது. பிரில்கிரீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் கலந்த களிம்பு. மேடை விளக்குச் சூட்டில் தானாகவே இளகி வழியும், மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் சிட் ரசிகர்களான நம் ஆட்களும் சறுக்குகிறார்கள். ‘டேவிட் கில்மரே இதை நம்பவில்லை’ என்று ஆதாரம் காட்டுவார்கள். கிதார் கலைஞர் கில்மர் பிங்க் ஃபிளாய்டில் சேர்ந்தது 1968 ஜனவரியில். இந்தக் கதை பெரும்பாலும் நடந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்கப் பயணம் 1967 கடைசியிலேயே முடிந்துவிட்டது. அவர் நேரில் பார்த்த சாட்சி இல்லை. நமக்குச் சாதகமாகப் பேசுகிறார் என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

1975 ஜூன் 5, அபே ரோடு ஸ்டுடியோ விவகாரம் வேறு ரகம். பிங்க் ஃபிளாய்ட் ஒலிப்பதிவில் இருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்து, உடம்பு பெருத்து வந்து நின்ற சிட்டைப் பழைய கூட்டாளிகளுக்கே அடையாளம் தெரியவில்லை. படம் இருக்கிறது, அதனால் வந்தது உறுதி. அன்று யார் என்ன பேசினார்கள், கில்மரின் கல்யாண விருந்தும் அதே நாளா என்பதில் நினைவுகள் மோதுகின்றன. படம் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், வசனத்தை விட்டுவிடுங்கள்.

எக்கோரெக்:
சாப்மனின் பலம் பாட்டு வரிகள். ‘மடில்டா மதர்’ முதலில் ஹிலேர் பெலக்கின் குழந்தைக் கவிதைகளை வைத்தே பாடப்பட்டது, அனுமதி கிடைக்காததால் வரிகள் மாறின. ‘கோல்டன் ஹேர்’ ஜேம்ஸ் ஜாய்ஸின் கவிதை. போதையில் உளறியவை என்று ஒதுக்கப்பட்ட வரிகளுக்குப் பின்னால் இவ்வளவு படிப்பு இருந்ததை அவர் பொறுமையாகக் காட்டுகிறார்.

ஒலிப்பதிவு பக்கம் வந்தால் ஆள் கொஞ்சம் மேலோட்டம். சிட் தனியாகப் போட்ட ‘தி மாட்கேப் லாஃப்ஸ்’ (1970 ஜனவரி) மூன்று தயாரிப்பாளர் கை மாறிய ஆல்பம்: 1968-ல் பீட்டர் ஜென்னர், 1969 ஏப்ரல் முதல் மால்கம் ஜோன்ஸ், கடைசியில் பிங்க் ஃபிளாய்டின் கில்மரும் ரோஜர் வாட்டர்ஸும். ‘நோ குட் டிரையிங்’ பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு, காலால் தட்டி எண்ணிப் பாருங்கள். வழக்கமாகத் தாளத்தை முதலில் பதிந்து அதன் மேல் பாடுவார்கள். இங்கே தலைகீழ்: சிட் கிதாரோடு பாடியதன் மேல் சாஃப்ட் மெஷின் என்ற இன்னொரு குழுவின் ஆட்கள் பிறகு வாசித்தார்கள். வரி எங்கே முடிகிறதோ அங்கே சிட் அடுத்ததற்குத் தாவிவிடுவார், தட்டு எண்ணிக்கை அவருக்குப் பொருட்டே இல்லை. டிரம்ஸ் ஆள் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். தடுமாற்றம் காதில் விழுவது அதனால்.

இது நோயா, பாணியா? சொல்லுக்குத் தாளம் வளைவது பிங்க் ஃபிளாய்டில் அவர் எழுதிய ‘பைக்’ பாட்டின் காலத்திலேயே, அதாவது 1967-லேயே இருக்கிறது. ஆனால் அதே ஆல்பத்தின் ‘இஃப் இட்ஸ் இன் யூ’ பாட்டின் தொடக்கத்தில் சுருதி பிடிக்காமல் நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பதைப் பாணி என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். அதை வெட்டாமல் வெளியிட்டது மால்கம் ஜோன்ஸுக்கே பிடிக்கவில்லை.

கேம்பிரிட்ஜ்சைக்கிள்:
எக்கோரெக் சொன்ன கடைசி விஷயம்தான் என் புகாரும். உடைந்த மனிதர் என்ற கதையை அடிக்கிற வேகத்தில், உண்மையிலேயே இருந்த சிரமத்தையும் சாப்மன் லேசாக்கிவிடுகிறார்.

ஆனால் சிட் இசையை விட்டு சொந்த ஊரான கேம்பிரிட்ஜில் ஒதுங்கி வாழ்ந்த வருடங்களுக்கு இவரை விட்டால் ஆளில்லை. சிட்டின் தங்கை ரோஸ்மேரி மனம்விட்டுப் பேசியிருக்கிறார்: சிட் ஓவியம் வரைவார், அதைப் படம் எடுப்பார், பிறகு ஓவியத்தை அழித்துவிடுவார். 2006 ஜூலையில் இறந்தபின், நவம்பரில் கேம்பிரிட்ஜில் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. சைக்கிளும் நோட்டுப் புத்தகமும்கூட. சுமார் 1,20,000 பவுண்டு. வீட்டு வாசலில் வந்து நின்ற ரசிகர்களிடமிருந்து முப்பது வருஷம் ஒளிந்த மனுஷனின் நாற்காலிக்கு நாம் போட்டி போட்டோம்!

ஊதாத்தரை:
நன்றி. அடுத்து எது?

எக்கோரெக்:
ஜூலியன் பலாசியோஸின் ‘டார்க் குளோப்’, அதுவும் 2010. கிதார், எக்கோ கருவி, மேடை விவரமெல்லாம் அதில்தான் கிடைக்கும். வாட்கின்சன் - ஆண்டர்சன் எழுதிய 1991 ‘கிரேஸி டயமண்ட்’ கடைசியில் இருக்கட்டும். சாப்மன் யாரோடு சண்டை போடுகிறார் என்று அப்போது புரியும். ஒரு எச்சரிக்கை: சிட் எழுதிய ‘வெஜிடபிள் மேன்’, ‘ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்’ பாட்டுகள் இரண்டும் முறையாக வெளிவந்தது 2016 ‘தி எர்லி இயர்ஸ்’ பெட்டியில்தான். இந்தப் புத்தகங்கள் எல்லாமே திருட்டுப் பதிவைக் கேட்டு எழுதியவை. முதலில் பாட்டைக் கேளுங்கள், அப்புறம் அந்தப் பக்கங்களைத் திறங்கள்.