புது ஊரில் சந்தை, தெருக்கடை: எந்தக் கடையில் நம்பிச் சாப்பிடுவது?

நடைவண்டி கேட்டது:

வணக்கம். இதுவரை பார்த்திராத ஒரு பெரிய நகரத்துக்குக் குடும்பத்தோடு போகிறோம். அங்கே காய்கறிச் சந்தை, மீன் சந்தை, சாயங்காலத் தெருக்கடைகள் இவற்றைச் சுற்றிப் பார்த்துச் சாப்பிடுவதுதான் பயணத்தின் நோக்கமே. யாரைக் கேட்டாலும் "கூட்டம் இருக்கிற கடையாப் பார்த்துச் சாப்பிடு, தண்ணியை மட்டும் பாட்டில்ல குடி" என்பதற்கு மேல் சொல்வதில்லை. கடை முன்னால் நின்று எதைப் பார்த்து முடிவு செய்வது? எந்த நேரத்தில் போவது? பையனுக்கு ஏழு வயது, வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது. அவனுக்கு எதைக் கொடுக்கலாம்?

அடுப்படி:

கடை பளிச்சென்று இருக்கிறதா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். உணவு அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று, அதுவரை எந்தச் சூட்டில் இருந்தது, இதுதான் முதல் கேள்வி. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் அதை 1 மணி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்ணாலேயே ஓரளவு கணிக்கலாம். குழம்பில் ஆவி பறப்பது போதாது, 50 டிகிரியிலும் ஆவி பறக்கும். குமிழி விட்டுக் கொதிக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே பொரித்தோ சுட்டோ நேராகத் தட்டுக்கு வருவதை நம்பிச் சாப்பிடலாம். முன்பே பொரித்துக் குவித்து வைத்ததை மறுபடி எண்ணெயில் ஒரு முக்கு முக்கித் தந்தால் மேல்பக்கம் மொறுமொறுப்பாகும், நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும். வாங்கியதும் பிட்டுப் பாருங்கள். நடுவில் விரல் வைக்க முடியாத சூடு இல்லையென்றால் திருப்பிக் கொடுத்து, புதிதாகப் போடச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மறுபடி சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும்போது சாகாமல் தங்கிவிடும். சோறு ஆறிக் கிடக்கையில் அவை முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, பிறகு எவ்வளவு தீயில் வறுத்தாலும் அழியாது. ஆகவே வறுத்த சோறு சொல்வதற்கு முன், சோறு எதிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் கவனியுங்கள்: சூடான பானையிலிருந்தா, குளிர்பெட்டியிலிருந்தா, மேசையில் திறந்து கிடக்கும் பெரிய தாம்பாளத்திலிருந்தா? கடைசி வகை என்றால் வேறு கடை பாருங்கள். சமைப்பவரின் கையிலிருந்து உணவில் சேரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நச்சும் இதே மாதிரி சூட்டுக்கு அசையாதது.

சுட்ட இறைச்சிக் கடையில் இடுக்கியைப் பாருங்கள். பச்சை இறைச்சியை எடுத்த அதே இடுக்கியால் வெந்ததை எடுத்துத் தட்டில் வைத்தால், நன்றாகச் சுட்டதன் பலன் போயிற்று. பச்சை இறைச்சி ஊறிய மசாலாவையே கடைசியில் தூரிகையால் பூசுவதும் அப்படித்தான்.

கடையாணி:

அடுப்படி சொன்னதோட சேர்த்து இன்னொண்ணு. கூட்டம்னா நல்ல கடைங்கறது பாதிதான் சரி. சட்டி எவ்வளவு வேகமா காலியாகுது, மறுபடி எப்போ நிறையுதுன்னு பாருங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் புதுசா போடுற கடைன்னா கூட்டம் உங்களுக்கு லாபம். காலையில சமைச்ச ஒரே அண்டாவுல இருந்து ராத்திரி வரைக்கும் அள்ளிக் கொடுக்கிற கடைன்னா, எவ்வளவு கூட்டம் நின்னாலும் அந்த அண்டாவோட வயசு குறையாது. உள்ளூர்க் குடும்பங்க, குழந்தையோட வந்து சாப்பிடுற கடையா இருந்தா இன்னும் நல்லது. கூட்டம் உச்சத்துக்கு வர்றதுக்கு அரை மணி முன்னாடி போயிடுங்க. அடுப்பு முழு வேகத்துல இருக்கும், சமைக்கிறவருக்கும் உங்க கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

ஒரே ஒரு அயிட்டம், மிஞ்சிப்போனா மூணு அயிட்டம் போடுற கடையை விடாதீங்க. முப்பது அயிட்டம் பலகையில எழுதியிருந்தா, அதுல பாதி எங்கேயோ காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

எண்ணெய் விஷயம். நிறத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, மசாலா மாவு விழுந்தாலே எண்ணெய் கருக்கும். கெட்டுப்போன எண்ணெய்க்கு அடையாளம் வேற: பண்டத்தை எடுத்த பிறகும் நுரை அடங்காது, கரண்டியில இருந்து கெட்டியா இழையா வழியும், சாதாரணச் சூட்டுலயே புகையும், காறல் வாசனை அடிக்கும். பழைய எண்ணெய் மேல புதுசை ஊத்தி நிரப்பினா புதுசும் சீக்கிரம் கெடும். பல நாடுகள்ல பொரிக்கிற எண்ணெய்ல துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடக் கெட அதுல சேர்ற பொருள்கள்) 24 இல்ல 25 சதவீதத்தைத் தாண்டினா கொட்டிடணும்னு விதியே இருக்கு. அதைக் கடையில அளக்க முடியாது, மூக்கை நம்புங்க. எண்ணெய் போதுமான சூட்டுல இருந்தா பண்டம் விழுந்த நொடியே சடசடன்னு குமிழி வரும். சூடு குறைஞ்சா எண்ணெயைக் குடிச்சுட்டு ஊறிப்போய் வரும்.

கையுறையைப் பார்த்து ஏமாறாதீங்க. அதே கையுறையோட காசு வாங்கி, அதே கையால உணவை எடுத்தா வெறும் கையைவிட மோசம், ஏன்னா அழுக்கு அவருக்கே தெரியாது. காசுக்கு ஒருத்தர், சமையலுக்கு ஒருத்தர் இருக்கிற கடை நல்லது.

தராசுமுள்:

சந்தைக்கும் தெருக்கடைக்கும் ஒரே நேரம் பொருந்தாது. மொத்த வியாபாரம் விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும்போது ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போனால் மூட்டை சுமப்பவர்களின் வழியில் நிற்காதீர்கள். பாரத்தோடு வருபவரால் சட்டென்று நிற்க முடியாது. சில்லறைப் பகுதிக்கு விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. மீன் சந்தை என்றால், படகுகள் கடலுக்குப் போகாத நாள் எது என்று தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு அதற்கு மறுநாளைத் தவிர்த்துவிடுங்கள்.

வாங்காவிட்டாலும் மீனைப் பார்க்கக் கற்றுக்கொள்வது பயன்படும். கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழும்ப வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். சமைத்தாலும் அது போகாது. வாயில் மிளகு போலச் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வருவது இதனால்தான்.

முதலில் ஒரு சுற்று எதையும் வாங்காமல் நடங்கள். வாசலில் இருக்கும் முதல் வரிசையில் பயணிகளுக்கென்றே வைத்த கடைகள் அதிகம், உள்ளே போகப் போகத்தான் சந்தைக்காரர்களே சாப்பிடும் கடைகள் வரும். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். விலையைத் தட்டில் விழுந்த பிறகு கேட்காமல் முன்பே கேளுங்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு பார்வையாவது அனுமதி கேளுங்கள், ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு பண்டத்தை ஒரு தட்டு மட்டும் வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொண்டால், வயிறு நிறையாமல் நான்கைந்து கடைகளைப் பார்க்கலாம்.

நடைவண்டி:

எல்லோருக்கும் நன்றி. சட்னி, வெட்டிய பழம், ஐஸ் இவற்றை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டுமா? பையனின் ஒவ்வாமை பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

அடுப்படி:

உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியவை அவைதான். சூடான பண்டத்தை அவ்வளவு ஆராய்ந்து வாங்கிவிட்டு, அதன்மேல் காலையில் அரைத்த பச்சைச் சட்னியை ஊற்றினால் பயனில்லை. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். துணை வேண்டுமென்றால் கொதிக்க வைத்தது, அல்லது மூடி திறக்காத புட்டியில் இருப்பது.

பழத்தை முழுதாக வாங்கிக் கழுவி நீங்களே வெட்டுங்கள், அல்லது உங்கள் முன்னால் தோல் சீவச் சொல்லுங்கள். தர்பூசணி, முலாம்பழம் இரண்டிலும் புளிப்பு குறைவு. வெட்டி வெளியே வைத்தால் அன்னாசியைவிட வேகமாகக் கிருமி வளரும். துண்டுகள் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்றால் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் சாப்பிடுகிறீர்கள். ஐஸ் வேண்டாம், உறைவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. வாளித் தண்ணீரில் அலசி ஈரமாக நீட்டும் தட்டைவிட, காய்ந்த தட்டோ இலையோ நல்லது.

பசும்புல்:

ஒவ்வாமைக்கு இதைச் செய்யுங்கள். அந்த ஊர் மொழியிலும் எழுத்திலும் ஓர் அட்டை தயார் செய்து, வேர்க்கடலையின் படத்தையும் ஒட்டுங்கள். "சிறிதளவு பட்டாலும் உயிருக்கு ஆபத்து, பொடி, எண்ணெய், அரைத்த விழுது எதிலும் கூடாது" என்று அதில் இருக்கட்டும். ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டி, பொருள் சரியாக வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடையில் "கடலை இருக்கா?" என்று கேட்காதீர்கள், வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் "இல்லை" என்றே பதில் வரலாம். "இதில் என்னென்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே வரிசையாகச் சொல்ல வையுங்கள்.

பதிலில் கடலை வராவிட்டாலும் சட்டியையும் கரண்டியையும் பாருங்கள். கடலை பொரித்த எண்ணெயில் வேறெது பொரித்தாலும் அவனுக்கு ஆகாது, எண்ணெயின் சூடு ஒவ்வாமைப் புரதத்தை அழித்துவிடும் என்று நம்ப முடியாது. ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் தூவும் கடையைக் கடந்துவிடுங்கள். அவனுக்கு ஏற்றவை: வேகவைத்த முட்டை, உங்கள் முன்னால் தீயில் சுட்ட சோளம், தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், ஆரஞ்சு. மருத்துவர் எழுதிக் கொடுத்த, கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி இரண்டு, எப்போதும் அவன் கூட நடப்பவரின் பையில் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

கடையாணி:

கைக்குச் சோப்பும் தண்ணியும்தான் முதல்ல. சானிடைசர் எண்ணெய்ப் பிசுக்குக் கையில சரியா வேலை செய்யாது, வாந்தி பேதியை உண்டாக்குற நோரோவைரஸையும் லேசுல கொல்லாது.

வயிறு கெட்டா ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு சுத்தமான தண்ணியில கரைச்சுக் குடிங்க. பெரும்பாலும் 1 லிட்டர்தான், கம்மித் தண்ணியில கரைக்காதீங்க. பாக்கெட் கிடைக்கலைன்னா 1 லிட்டருக்கு மட்டமா 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினா ஆபத்து, அளந்தே போடுங்க. பையன் வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, ஒவ்வொரு கரண்டியா மெதுவா கொடுங்க. பேதியை நிறுத்துற மாத்திரையை டாக்டர் சொல்லாம அவனுக்குக் கொடுக்க வேண்டாம். மலத்துல ரத்தம், கடுமையான காய்ச்சல், எதுவும் தங்காத வாந்தி, சிறுநீர் வெகுநேரமா போகாம இருக்கிறது, சோர்ந்து தூங்கிட்டே இருக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.